பிஸ்டனுக்கும் பொருத்தம் வேண்டும்

நம் வீடுகளில் கல்யாணப் பேச்சு எடுத்தவுடன் எழும் முதற் கேள்வி, "பொருத்தம் பார்த்தாகிவிட்டதா?" என்பதுதான். பத்தில் எத்தனை தேறிற்று என்று விரல் மடக்கி எண்ணிப் பாராமல் எந்தப் பெரியவரும் வெற்றிலை பாக்கு மாற்றச் சம்மதிப்பதில்லை. ஜாதகத்தில் எனக்கு எவ்வளவு நம்பிக்கை உண்டு என்பது இங்கே பிரஸ்தாபமன்று. ஒரு மோட்டார் வண்டிக்குள் ஆயுள் முழுவதும் சேர்ந்து வாழ வேண்டிய இரண்டு உறுப்புகளுக்குப் பொருத்தம் பாராமல் முடிச்சுப் போட்டதனால் எங்கள் குடும்பத்துக்கு நேரவிருந்த பெரிய ஆபத்தைப் பற்றியே இவ்வாரம் எழுத உத்தேசம்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய புல்லட் மோட்டார் ஸைக்கிள் இருக்கிறது. என் தகப்பனார் 1974-ஆம் வருஷத்தில் வாங்கியது. திருவக்கரையிலிருந்து மயிலம், திண்டிவனம், விழுப்புரம் என்று அவர் போகாத இடமில்லை. நெல் மூட்டையும் வேர்க்கடலை மூட்டையும் சுமந்திருக்கிறது. பிரசவ வலி கண்ட என் அத்தையை ஆஸ்பத்திரிக்கும் சுமந்திருக்கிறது. தகப்பனார் காலமான பிறகு வண்டி என்னிடம் வந்து சேர்ந்தது. நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பிக்கிறவன். உஷ்ணத்தினால் உலோகங்கள் விரிவடையும் என்ற பாடத்தை இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதிவருகிறேன். அந்தப் பாடத்தை எனக்கே ஒருவர் கற்பித்த கதைதான் இது.

முதலில் வண்டியின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புல்லட் இங்கிலாந்தில் பிறந்த வண்டி. நம் நாட்டுப் படையின் தேவையை முன்னிட்டு, 1955-இல் சென்னை மதறாஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்துக் கம்பெனியுடன் சேர்ந்து என்பீல்டு இந்தியா என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கிற்று. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டிக்கொண்டிருந்தவர்கள், சில வருஷங்களுக்குள் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். பின்னாளில் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே மூடப்பட்டது. சென்னையிலோ வண்டி தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. பிஸ்டன் விஷயத்திலும் நாம் வெகுகாலம் பிறரைக் கையேந்தி நிற்கவில்லை. சுதந்திரம் வந்து இரண்டே வருஷத்தில், 1949-இல், சென்னைச் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனம் ஏற்பட்டுவிட்டது.

இயந்திரத்தைத் திறந்து பாராத நேயர்களுக்கும் நேயர்களின் இல்லத்தரசிகளுக்கும் ஒரு வார்த்தை. ஸிலிண்டர் என்பது ஓர் உருளைக் குழாய். பிஸ்டன் என்பது அதற்குள் மேலும் கீழும் ஓடும் குவளை. குவளையைக் கவிழ்த்து வைத்தாற்போல் இருக்கும். பெட்ரோல் ஆவியும் காற்றும் மேலே வெடித்துக் குவளையைக் கீழே தள்ளுகின்றன. அந்தத் தள்ளல்தான் சக்கரத்தை உருட்டுகிறது. 350 என்று சொல்லப்படும் புல்லட்டில் குழாயின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். இரண்டையும் கொண்டு கணக்கிட்டால் 346 கன ஸென்டிமீட்டர் வரும். என் மாணவர்கள் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

கார்களிலும் பஸ்களிலும் ஸிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடி உஷ்ணத்தை வாங்கிக்கொள்கிறது. புல்லட்டுக்குத் தண்ணீர் கிடையாது. ஸிலிண்டருக்கு வெளியே அடுக்கடுக்காக இருக்கும் தகட்டு மடிப்புகளில் காற்று மோதி உஷ்ணத்தைக் கொண்டுபோக வேண்டும். வண்டி ஓடினால்தான் காற்று. ஆகையால் வேகமாகப் போகும்போது உஷ்ணம் மிகும் என்று சாதாரணமாக நாம் நினைப்பது முழு உண்மையாகாது. கூட்டத்தில் ஊர்ந்து போகும்போதும் அது கொதிக்கும்.

சென்ற வருஷம் சித்திரையில் வண்டி நீலப்புகை கக்கத் தொடங்கியது. எண்ணெய் எரிகிறது என்பதற்கு அது அடையாளம். எங்கள் பக்கத்தில் கல் குவாரிகள் அதிகம். லாரிகள் கிளப்பும் பொடி நாள் முழுவதும் அடங்குவதில்லை. காற்று வடிகட்டி சற்றே கிழிந்திருந்தாலும் போதும். அந்தப் பொடி உள்ளே புகுந்து, அம்மியில் அரைப்பதுபோல் ஸிலிண்டரை அரைத்துவிடும். என் வடிகட்டி கிழிந்துதான் இருந்தது. ஆகவே ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். எந்த ஊர், யார் பட்டறை என்பது வேண்டாம். புதுப் பிஸ்டன் வாங்கி, ஸிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து, இரண்டே நாளில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். "டைட்டாகப் போட்டிருக்கிறோம், ஸார், இனிப் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை" என்று சொன்னார்கள். எனக்கும் அது வெகு திருப்தியாக இருந்தது. இறுக்கமாக இருப்பதுதானே நல்ல வேலை?

நாலாம் நாள் பௌர்ணமி. எங்கள் ஊரில் பௌர்ணமி தோறும் வக்கிரகாளியம்மனைத் தரிசிக்கக் கூட்டம் நெருக்கித் தள்ளும். அன்று மாலை என் பெண்ணைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மயிலம் புறப்பட்டேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு முதல் கியரில் முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம். காற்றே இல்லை. நல்ல சாலை வந்ததும், காலதாமதத்தை ஈடு செய்ய நினைத்து வேகத்தைக் கூட்டினேன். இரண்டு மைல் போயிருப்போம். எஞ்சின் ஒரு முனகல் முனகியது. மறு கணம் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. வண்டி வழுக்கிச் சாய்ந்தது. எங்களுக்குப் பின்னால் ஒரு குவாரி லாரி வந்துகொண்டிருந்தது. அதன் டிரைவர் பிரேக்கை மிதித்து நிறுத்திய இடத்துக்கும் என் பெண் விழுந்து கிடந்த இடத்துக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. தலையில் ஹெல்மெட் இருந்தது. முழங்கையும் முழங்காலும் சிராய்த்ததோடு போயிற்று. அந்த டிரைவர் கீழே இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல் அவளைத் தூக்கி நிறுத்தினார். அவர் கை நடுங்கியது. என் கையைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

அரை மணி கழித்து எஞ்சின் ஆறியபின் உதைத்துப் பார்த்தேன். ஒன்றும் நேராததுபோல் ஓடிற்று!

வீட்டில் என் மனைவி காயத்துக்கு மருந்து வைத்துவிட்டு, "மாமாவின் ஞாபகார்த்தம் என்று வைத்திருக்கிறீர்கள், சரி. அது ஏன் பூட்டிக்கொண்டது என்று தெரியாத வரையில் குழந்தை அதில் ஏறக்கூடாது" என்றாள். விற்றுவிடுங்கள் என்று சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். காரணம் தெரிய வேண்டும் என்று கேட்பவளிடம் ஒரு பௌதிக ஆசிரியன் என்ன வாதாட முடியும்?

திண்டிவனத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு வயோதிகரிடம் போனேன். மேஸ்திரி என்றுதான் எல்லாரும் அவரை அழைக்கிறார்கள். அவர் பிஸ்டனை வெளியில் எடுத்ததும் முதலில் செய்த காரியம், அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்ததுதான். பக்கவாட்டில் நாலு இடங்களில், பிஸ்டன் பின்னுக்கு இரு புறமும், நெடுங்கோடுகள் கீறியிருந்தன.

"எண்ணெய் வற்றிப் பிடித்திருந்தால் ஒரு பக்கமாகத்தான் பெரும்பாலும் தேயும், ஸார். நாலு மூலையிலும் கீறியிருக்கிறது. இடம் போதவில்லை" என்றார்.

பிறகு மைக்ரோமீட்டரால் பிஸ்டனை அளந்தார். மேலே அளக்கவில்லை, அடிப்பகுதியில், பின்னுக்குக் குறுக்காக அளந்தார். காரணம் கேட்டேன். பிஸ்டன் பார்வைக்கு வட்டமாகத் தோன்றினாலும் சற்றே நீள்வட்டமாகவும், மேலே சிறுத்து அடியில் பருத்தும் செய்யப்பட்டிருக்கும். தலைப்பகுதி தீக்கு நேரே இருப்பதால் அதிகம் சுடும், அதிகம் விரியும். சூடேறிய பின்புதான் அது உருளையாகிறது. ஆகையால் பிஸ்டனின் அளவு என்று சொல்வது அதன் அடிப்புறத்தின் அளவையே. அப்புறம் ஸிலிண்டரை மேல், நடு, கீழ் என்று மூன்று மட்டங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில், ஆக ஆறு தரம் அளந்தார். இரண்டு அளவையும் கழித்துக் காட்டினார். பிஸ்டனுக்கும் ஸிலிண்டருக்கும் இடையே இருந்த வெளி 0.03 மில்லிமீட்டர். தலைமயிர் ஒன்றின் பாதிக் கனம்கூட இல்லை. பிஸ்டன் வந்த பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த அளவில் அது மூன்றில் ஒரு பங்கு.

"பிஸ்டனும் நல்ல பிஸ்டன். ஸிலிண்டரும் நல்ல ஸிலிண்டர். சேர்த்து வைத்தவர்கள் பெட்டியைப் படிக்கவில்லை" என்றார் மேஸ்திரி.

அங்கேயே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள வார்ப்பிரும்பு ஸிலிண்டர் 100 டிகிரி சூடேறினால் விட்டம் ஏறக்குறைய 0.08 மில்லிமீட்டர் பெருகும். பிஸ்டன் அலுமினியக் கலவை. அதே 100 டிகிரிக்கு அது ஏறக்குறைய 0.14 பெருகும். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தாலும் நடுவிலுள்ள வெளியில் 0.06 குறைந்துவிடும். இருந்ததே 0.03! இதில் பிஸ்டன் ஸிலிண்டரைக் காட்டிலும் அதிகமாகச் சுடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் ஊர்ந்தபோதே பிஸ்டன் மூச்சுத் திணறிக்கொண்டிருந்திருக்கிறது. நான் வேகத்தைக் கூட்டியதும் சுவரைப் பிடித்துக்கொண்டது. ஆறியவுடன் சுருங்கி விட்டுவிட்டது. இருபது வருஷமாக நான் கற்பித்த பாடம் இதுதான். ஆனால் 'டைட்' என்ற ஒரு வார்த்தையைக் கேட்டதும் அதை மறந்து சந்தோஷப்பட்டேனே, அதற்கு யாரைக் குற்றம் சொல்வது?

தண்ணீரால் குளிரும் எஞ்சினில் உஷ்ணம் ஓர் எல்லைக்குள் நிற்கும். காற்றால் குளிரும் பழைய எஞ்சினிலோ இடத்துக்கு இடம், வேளைக்கு வேளை மாறும். அதனால்தான் அதற்கு இடைவெளி சற்று அதிகமாகத் தேவைப்படுகிறது. தாராளம் மிஞ்சினாலும் தோஷமே: பிஸ்டன் ஸிலிண்டருக்குள் ஆடிக் 'கடகட'வென்று தட்டும், எண்ணெய் மேலேறி எரியும். எல்லாப் பிஸ்டனுக்கும் ஒரே இடைவெளி என்றும் வைத்துக்கொள்ளக் கூடாது. கலவையில் ஸிலிக்கன் அதிகமாயிருந்தால் பிஸ்டன் குறைவாக விரியும். அதற்குக் குறைந்த வெளி போதும். ஆகவே ஒரு கம்பெனியின் அளவை இன்னொரு கம்பெனியின் பிஸ்டனுக்குப் போடுவது தவறு.

கார்களில் இந்தச் சங்கடம் நாலு மடங்கு. புதுச்சேரிச் சாலையில் எப்போதாவது வண்டு போன்ற முதுகுடைய பழைய கார் ஒன்று போவதை நேயர்கள் பார்த்திருக்கலாம். ஜெர்மனியில் பெர்டினாண்டு போர்ஷே 1930-களில் அமைத்த ஃபோக்ஸ்வாகன் கார் அது. 2003-இல் மெக்ஸிகோவில் கடைசி வண்டி வெளிவரும் வரையில் 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதுவும் காற்றால் குளிரும் எஞ்சின்தான். காற்றை வீச உள்ளே ஒரு விசிறி உண்டு. நாலு ஸிலிண்டர்களும் தனித்தனிக் குழாய்கள். பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். தனித்தனியாக இருப்பதால், கெட்டுப்போன ஒன்றை மாத்திரம் மாற்றிவிட்டால் போதும் என்ற ஆசை யாருக்கும் எழும். கம்பெனியோ பிஸ்டனையும் ஸிலிண்டரையும் அளந்து, வர்ணப் புள்ளி வைத்து, ஜோடி ஜோடியாகச் சேர்த்தது. புதிதில் இடைவெளி 0.04 முதல் 0.06 மில்லிமீட்டர்; 0.20 ஆகத் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டும். நாலு பிஸ்டன்களின் எடையிலும் 10 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருக்கலாகாது; இருந்தால் எஞ்சின் அதிரும். அந்தக் காரின் பழைய வகைகளில் இன்னொரு விசேஷம். எண்ணெயைக் குளிர்விக்கும் சாதனம் மூன்றாம் ஸிலிண்டருக்கு வரும் காற்றுக்கு எதிரே நின்றது. ஆகையால் நாலும் ஒரே அளவானாலும் மூன்றாவது மாத்திரம் அதிகம் சுட்டது. 77 மில்லிமீட்டர் குழாயை எடுத்துவிட்டு 85.5 மில்லிமீட்டர் குழாயைப் போட்டால் பலம் கூடும் என்று ஆசைப்படுகிறவர்கள், அது உட்காரும் துவாரத்தையும் கடைந்தாக வேண்டும். ஒரு பாகம் மாறினால் அதைச் சுற்றியுள்ள எல்லாம் அதற்கு இணங்க வேண்டியிருக்கிறது.

திண்டிவனத்துக்குத் திரும்புவோம். மேஸ்திரி எனக்குச் செய்து கொடுத்த வேலையின் முறையைச் சொல்கிறேன். பழைய வண்டி உள்ளவர்களுக்கு உபயோகப்படும்.

முதலில், கீறல் விழுந்த பிஸ்டனைக் கழித்துவிட்டு, அடுத்த பெரிய அளவில் ஒன்று வாங்கிவரச் சொன்னார். மூல அளவுக்கு மேல் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று படிப்படியாகப் பெரிய பிஸ்டன்கள் கிடைக்கின்றன. "பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் ஸிலிண்டரைத் தொடுவேன்" என்றார். இதுதான் முக்கியமான விதி. பெட்டியில் அரை என்று எழுதியிருப்பதை நம்பிக் கடையக் கூடாது. வந்திருக்கும் அந்தப் பிஸ்டனை அளந்து, அதற்குரிய வெளியைக் கூட்டி, அந்த அளவுக்குக் கடைய வேண்டும். விட்டம் ஒன்றாயிருந்தாலும், பின்னுக்கு மேலே தலை வரையிலுள்ள உயரம் பழைய பிஸ்டனோடு ஒத்திருக்கிறதா என்றும் வைத்துப் பார்த்தார். அது கூடினாலும் குறைந்தாலும் வாயு அமுங்கும் அளவே மாறிவிடும்.

கடையும்போது முழு அளவுக்கும் ஒரேயடியாகக் கடையவில்லை. கொஞ்சம் மீதம் வைத்து, அதைச் சாணைக்கல்லால் மெல்லத் தேய்த்து எடுத்தார். உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள் விழுந்தன. கண்ணாடிபோல் பளபளப்பாக்கிவிட்டால் எண்ணெய் நிற்காது. அந்தக் கோடுகளில்தான் எண்ணெய் தங்கும். தேய்த்து முடித்ததும் பெட்ரோலில் துடைத்து நிறுத்தவில்லை. சோப்பும் வெந்நீரும் கொண்டு, வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டாத வரையில் கழுவினார். கல்லின் தூள் மிச்சமிருந்தால் குவாரிப் பொடி செய்த வேலையை அதுவே செய்துவிடுமல்லவா?

கடைசியில் வளையங்கள். ஒவ்வொரு ரிங்கையும் ஸிலிண்டருக்குள் தனியே வைத்து, அதன் இரு நுனிகளுக்கும் நடுவிலுள்ள சந்தை மெல்லிய தகட்டால் அளந்தார். விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஆயிரத்தில் நாலு பங்கு அங்குலம் சந்து வேண்டும் என்பது பழைய கணக்கு. புல்லட்டுக்கு அது ஏறக்குறைய 0.28 மில்லிமீட்டர் ஆகிறது. சூட்டில் வளையமும் நீளும். நுனியோடு நுனி முட்டிக்கொண்டால் அதுவும் சுவரைக் கிழிக்கும். ஒரு ரிங்கில் சந்து குறைவாயிருந்தது. அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துச் சரி செய்தார். காற்று வடிகட்டியைப் புதிதாக மாற்றும்படி கண்டிப்பாகச் சொன்னார். முதல் 500 கிலோமீட்டருக்கு 50-க்கு மேல் வேகம் கூடாது என்றார். "கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளுங்கள், ஸார். ஓடும்போது முனகல் கேட்டால் அந்த க்ஷணமே கிளட்சைப் பிடியுங்கள், சக்கரமாவது உருளும்" என்றார். அன்று எனக்கு அந்தப் புத்தி இருந்திருந்தால் நாங்கள் விழுந்திருக்கவே மாட்டோம்.

கூலி கேட்டேன். முந்தின பட்டறையில் கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் சொன்னார். "அளப்பதற்கு நேரமாகும், கடைவதற்கு நேரமாகாது" என்று அதற்கு விளக்கமும் சொன்னார். இந்த வார்த்தையைக் கேட்டபோது கோயம்புத்தூர் ஸ்ரீ ஜி. டி. நாயுடு அவர்களின் ஞாபகம் வந்தது. இளமையில் ரட்ஜ் மோட்டார் ஸைக்கிள் ஒன்றை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்தே இயந்திர வித்தையைக் கற்றவர் அவர். அந்த வண்டியும் காற்றால் குளிர்வதுதான். பட்டமில்லாத அவரும், பெயர்கூட வெளியில் தெரியாத எங்கள் மேஸ்திரியும் தெரிந்துகொண்ட விஷயம் ஒன்றுதான்: பாகத்தைக் கையில் வாங்கி அளந்து பாராத வரையில் அதைப்பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது.

இரும்பு ஸிலிண்டர் புல்லட்டுகள் இப்போது புதிதாக வருவதில்லை. இருப்பவற்றைக் காப்பாற்றத்தான் வேண்டும். பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்களே! பட்டறையில் வண்டியை விடும்போது மூன்று கேள்வி கேளுங்கள். பிஸ்டனை வாங்கிய பிறகு கடைந்தீர்களா? எவ்வளவு இடைவெளி வைத்தீர்கள்? பெட்டியில் எவ்வளவு போட்டிருக்கிறது? பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் வண்டியை விடாதீர்கள். பெட்டியையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி திரும்பி வந்த அன்று, அந்தக் காகிதத்துக் கணக்கை என் மனைவியிடம் காட்டினேன். அவள் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தில் மூடி இறுகிக்கொள்வது எங்களுக்குத் தெரிந்த சங்கதிதானே! இதற்கு ஒரு குழந்தை விழ வேண்டுமா?" என்று கேட்டாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. 500 கிலோமீட்டரும் நான் தனியாகவே ஓட்டி முடித்தேன். 501-ஆவது கிலோமீட்டரில் என் பெண் பின்னால் ஏறிக்கொண்டாள். கூட்டத்துக்கு முன்பே எஞ்சினை நிறுத்திவிட்டு, கோயில் தெரு முழுவதும் இருவருமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம்.